மீசை மீனைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

எனக்கு மீன் என்றால் மீன்தான். அதில் வகை உண்டு, வகைக்கு ஒரு பெயர் உண்டு என்பதெல்லாம் மீன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்ட சங்கதி. நாங்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டில் பேசுவது வேறு மொழி. மதுரையில் எங்கள் ஆட்களில் மீன் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் முட்டைகூட வாசல்படி ஏறியதில்லை. தேர்வு எழுதிவிட்டுக் கலந்தாய்வுக்குப் போனபோது மதுரைக்குள் காலியாக இருந்தது இந்த ஓர் இடம்தான். துறையைப் பார்க்காமல் ஊரைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். "உனக்கு மீன் ஆபீஸா? பாவம் மீன்" என்றார் என் கணவர். எழுத்தர் வேலைதானே, தாளில் என்ன வாடை வீசப்போகிறது என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

தல்லாகுளம் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். என் மேசைக்கு இரண்டு கோப்புகள். ஒன்று நிலுவைக் கோப்பு. கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கக் குத்தகை எடுத்துவிட்டு முழுப் பணமும் கட்டாதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இன்னொன்றின் தலைப்பு உயிரிப் பாதுகாப்பு. அதற்கு மாதாமாதம் ஒரு படிவம். கடலோர மாவட்டங்களுக்கு அடித்த அதே படிவத்தை எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். உங்கள் துறைமுகத்தில் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த அந்நிய உயிரினங்கள் எத்தனை என்று அதில் ஒரு கேள்வி. மதுரையில் கப்பலுக்கு நான் எங்கே போவேன்? பொருந்தாது என்று எழுதினேன். எண்ணால் நிரப்பவும் என்று திரும்பி வந்தது. சரி என்று சுழியம் போட்டேன். ஆய்வுக் கூட்டத்தில், தொடர்ந்து சுழியமே காட்டுகிறீர்களே, களப்பணி நடக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் என் காதில், "கப்பலூர்ல ஒண்ணு வாங்கி நிப்பாட்டிருவோமா மேடம்" என்றார். கப்பலூர் மதுரையை ஒட்டிய ஓர் ஊர், அங்கே பெயரில் மட்டும்தான் கப்பல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருந்தாத கேள்விக்குச் சரியான பதில் எது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதே படிவத்தின் கடைசியில், தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கிற குட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டனவா, அழிக்கப்பட்டனவா என்று ஒரு கேள்வி உண்டு. அந்த மீன் மற்ற மீன்களை எல்லாம் தின்று தீர்த்துவிடுமாம். சுற்றறிக்கையில் படமும் இருந்தது. நகலுக்கு நகல் எடுத்து வந்த படம் என்பதால் தலை எது வால் எது என்று தெரியவில்லை. கெளுத்தி என்றால் மீசை என்பது மதுரையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட அப்போது தெரியாது.

வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயிக்கு அனுப்பிய நோட்டீஸ் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஆய்வாளர் மூன்று இடத்துப் பொறுப்பைச் சேர்த்துப் பார்க்கிறவர், அவருக்கு நேரமில்லை. ஜீப்பில் டிரைவர் இல்லை. நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வா என்று என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். மாமரத்தடியில் உட்கார்ந்து உரச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர்தான் அவர். நோட்டீஸைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒளியிறவன் இல்ல தாயி நான். கண்மாயில குஞ்சு விட்டேன். அடிச்ச மழையில மறுகால் பாஞ்சு மீனு பூராம் தண்ணியோட போயிருச்சு. தண்ணி போன எடமெல்லாம் எவன் எவனோ பிடிச்சுத் திங்கிறான். குத்தகை மட்டும் என் தலையில நிக்கிது."

மறுகால் என்பது கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழி என்று எனக்குத் தெரியும். அதன் வழியே ஒருவருடைய கடன் பெருகி வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டாவிட்டால் நிலத்தை ஜப்தி செய்யலாம் என்று நோட்டீஸின் அடியில் இருந்த வரியை அவரே விரல் வைத்துக் காட்டினார். இருப்பது அந்த ஒன்றரை ஏக்கர்தான்.

பிறகு, "இங்கிட்டு வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று கொல்லைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர் சொந்தமாக வெட்டிய பண்ணைக் குட்டை. தவிட்டை அள்ளி வீசினார். கலங்கிய தண்ணீர் திடீரென்று கொதித்தது மாதிரி இருந்தது. ஒரு சின்ன வலையில் ஒரு மீனை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் சிரித்தார். அந்த மீனும் வாயைத் திறந்து திறந்து மூடியது. உதட்டோரம் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக மீசை. மீனுக்கு மீசை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, அதனால் என் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டே வாரம் பொறுங்க தாயி. பிடிச்சு வித்து, மொத்தத்தையும் கட்டிட்டு ரசீது வாங்கிட்டுப் போறேன்."

"நான் எழுதுறேண்ணே" என்றேன். சத்தியமாக அவருக்கு நல்லது செய்யத்தான் நினைத்தேன்.

நேரில் பார்த்ததை அடையாளத்தோடு எழுத வேண்டும், இல்லாவிட்டால் மேலே நம்ப மாட்டார்கள் என்று எங்கள் கண்காணிப்பாளர் எப்போதும் சொல்வார். அதனால் மறுநாள் இப்படி எழுதினேன்: குட்டையை நேரில் பார்வையிட்டேன். முழங்கை நீள மீன்கள் ஏராளமாக உள்ளன. வாயின் இருபுறமும் மீசை உள்ளது. இவற்றை விற்று நிலுவையைச் செலுத்த இரு வாரம் அவகாசம் அளிக்கலாம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. மீசையைக் கவனித்து எழுதியிருக்கிறேனே, யார் நம்பாமல் போவார்கள்!

ஒரு வாரத்தில் பதில் வந்தது. அவகாசத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பார்வையில் காணும் அறிக்கையின்படி தடை செய்யப்பட்ட மீன் வளர்ப்பது உறுதியாவதால் குட்டையை நாளைக் காலையில் அழிக்க வேண்டும், அழித்த விவரத்தைப் படிவத்தில் காட்ட வேண்டும் என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். பார்வையில் காணும் அறிக்கை என்னுடையதுதான். நாளும் எண்ணும் சரியாக இருந்தன. வேறு யாரோ வேறு எதையோ எழுதிவிட்டு என் எண்ணைப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று கண்காணிப்பாளரிடம் ஓடினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "மீசைன்னு நீங்கதான எழுதிருக்கீங்க? கெளுத்தின்னுதான மேடம் அர்த்தம்?"

"கெளுத்திக்கு மீசை இருக்குமா சார்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மீசை எம்புட்டு நீளம் இருந்துச்சு?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.

"செதில் இருந்துச்சா? ஒடம்பு பூராம் காசு காசா?"

"இருந்துச்சு சார். வெயில்ல பளபளன்னு."

"போச்சு. அது கெண்டை மேடம். சாதாக் கெண்டைக்கும் வாயோரத்துல பொடி மீசை உண்டு. கெளுத்திக்குச் செதிலே கெடையாது. மீனு திங்கிற வீட்டுல இருந்து யாராச்சும் போயிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது."

உடனே திருத்தக் கடிதம் எழுதினோம். மேலதிகாரி சுற்றுப்பயணத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. ஆய்வாளர் எடுத்தார். "காலையில நானே போறேன்ல, பாத்துட்டுத்தான் செய்வேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. விவசாயிக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுக்கச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது. "நாளைக்கு உங்க மீனைப் பாக்க ஆளுக வாராங்கண்ணே. பிடிச்சுச் செதிலைக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். "வரட்டும் வரட்டும், தங்கமா பாக்கட்டும்" என்றார். அவகாசம் கொடுப்பதற்காகத்தான் பார்க்க வருகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் அதைத் திருத்தவில்லை. இந்தக் கதையில் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத இடம் அதுதான்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு முதல் வேலையாகப் பஸ் ஏறினேன். நான் போனபோது ஆய்வாளர் இன்னும் வந்திருக்கவில்லை. கூலிக்கு அமர்த்திய ஆட்கள் அவருக்கு முன்பே வந்துவிட்டார்கள். விவசாயியே படலைத் திறந்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, குட்டைக்கு வழிகாட்டியிருக்கிறார். அவர்கள் மூட்டையைப் பிரித்து வெள்ளைப் பொடியைக் கொட்டியபோது, தண்ணீர் சுத்தமாவதற்கு எப்போதும் போடுகிற சுண்ணாம்பு என்று நினைத்துச் சும்மா நின்றிருக்கிறார். அது பிளீச்சிங் பவுடர். நான் கொல்லைக்குள் நுழைந்தபோது நாற்றம் கண்ணைக் கரித்தது. குட்டை முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன. எல்லாவற்றின் மேலும் செதில்.

ஆய்வாளர் வந்து ஒரு மீனைப் புரட்டிப் பார்த்தார். "கெண்டை" என்றார். பிறகு குழி வெட்டச் சொன்னார், செத்ததை வேறென்ன செய்வது. விவசாயி குட்டைக் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து எங்கள் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரைக் கேட்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

அந்த மாத ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் படிவத்தில் முதன்முதலாகச் சுழியம் இல்லாமல் ஓர் எண் இருந்தது. அழிக்கப்பட்ட குட்டை, ஒன்று. பரவாயில்லை, மதுரையில் வேலை நடக்கிறது என்று பாராட்டினார்கள். எங்கள் திருத்தக் கடிதம் எங்கே போனது என்று கேட்க எழுந்தேன். அதற்குள் அடுத்த மாவட்டத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து விவசாயி ஆபீஸுக்கு வந்தார். நேரே என் மேசைக்கு வந்து, எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒங்களத் தவிர இங்க எனக்கு யாரையும் தெரியாது தாயி. எந்தப் பயலோ நான் தடை மீனு வளக்குறேன்னு பொய்யா எழுதிப் போட்டிருக்கானாம், ஆய்வாளர் சொன்னாரு. எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. யாருன்னு விசாரிக்கச் சொல்லி எழுதுங்க."

தாளை எடுத்தேன். ஐயா அவர்களுக்கு என்று எழுதினேன். என் குட்டையில் இருந்தவை கெண்டை மீன்களே என்று எழுதினேன். தவறான தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது. "அண்ணே, எழுதினது நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அவகாசம் கேட்டதையும், மீசையையும், கெளுத்தியையும் முதலிலிருந்து சொன்னேன். குட்டை அழிவதற்கு முந்தின நாள் போனில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடக்கக்கூடிய காரியமாகத் தோன்றவில்லை.

"நீங்க எனக்கு நல்லது செய்யத்தான எழுதுனீங்க?"

"ஆமாண்ணே."

"அப்பறம் எப்படி இப்படி ஆச்சு?"

"தெரியலண்ணே."

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப இதுல யாரு பேரைப் போடுறது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் என் பெயரையும் பதவியையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, பெறப்பட்டது என்று முத்திரை குத்தி மேலே அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் அந்த மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், சம்பந்தப்பட்ட எழுத்தரின் அறிக்கையுடன் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். சம்பந்தப்பட்ட எழுத்தர் நான். அடையாளம் எதுவும் சேர்க்காமல் ஒரே ஒரு வரி எழுதினேன்: மனுதாரர் கூறுவது அனைத்தும் உண்மை, தவறு என்னுடையது, அவருடைய நிலுவையைத் தள்ளுபடி செய்யலாம்.

அதற்கு இன்னும் பதில் இல்லை. அவருக்கான நோட்டீஸ் மட்டும் மாதாமாதம் போகிறது. அதைத் தட்டச்சு செய்கிறவளும் நான்தான். இப்போது அது திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார்.