களத்து மேட்டில் ஒரு 'வாங்க'

குமராட்சி மினிபஸ்ஸில் கண்டக்டர் பையன், "பாத்து ஏறுங்கம்மா" என்கிறான். செல்போனில் பேசிக்கொண்டே ஏறுகிறவர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. நான் வாங்குவேன். அந்த 'வாங்க, போங்க' எங்கள் தெருவுக்கு வந்ததில் என் பங்கு உண்டு. கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுத்துக்கூட்டியாவது இதை நானேதான் எழுதுவேன். இன்னொருத்தர் எழுதினால் என் பங்கைக் குறைத்துவிடுவார்கள்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயசு. எங்கள் தெருவில் புருஷனையும் அப்பனையும்கூட 'வா, போ' என்றுதான் கூப்பிடுவோம். நிலத்துக்காரரை ஆண்டை என்போம். அவர் வீட்டில் பால் மறக்காத பிள்ளைகூட எங்கள் அப்பாவை 'வாடா' என்னும்.

நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குக் கரும்பு இறக்கப் போயிருந்த மாமா, அந்தப் பொங்கலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

"நம்மள நாமளே வாடா போடான்னா ஊரான் எப்புடி வாங்கம்பான்? இன்னையிலேருந்து நம்ம தெருவுல எல்லாரும் வாங்க, போங்கதான்" என்று சட்டம் போட்டார்.

அன்றைக்கு அம்மா அப்பாவிடம், "சோறு துன்ன வாங்க" என்றாள். விருந்தாளி யாராவது நிற்கிறார்களா என்று அப்பா தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"ஒந்தம்பிக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு."

எனக்கோ கால் தரையில் பாவவில்லை. ஆட்டுக்குட்டியையும் 'வாங்க' என்றுதான் கூப்பிட்டேன்.

அறுப்பு வந்தது. அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். ஆண்டையின் மகளுக்கும் என் வயசுதான். வைக்கோல் போருக்குப் பின்னால் என்னோடு அஞ்சாங்கல் ஆட வருவாள். அவள் கல் அவளுக்கு, என் கல் எனக்கு, மாற்றித் தொடக்கூடாது. தொடாமலே நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் தோற்ற ரோஷம் அவளுக்கு.

"வாடி, ஆடலாம்."

"எங்கப்பாவ கஞ்சி குடிக்க வாங்கன்னு கூப்புடு. அப்பத்தான் ஆடுவேன்."

"அவ்ளோதானா?" என்றவள் போரைச் சுற்றி ஓடினாள். அப்பாவைக் கைகாட்டி, களம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கஞ்சி வந்திருக்கு, குடிக்க வாங்க" என்றாள்.

கட்டடிக்கிற சத்தம் நின்றது. அப்பா, தூக்கிய நெற்கட்டோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே நாற்காலியில் ஆண்டைதான் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்களத்தாண்டா கூப்புடுறா. போயிக் குடிங்க" என்றார் ஆண்டை.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா வந்து, அவசரமில்லாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அன்றைய ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்தேன்.

மறுநாள் அப்பாவை வேலைக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அம்மா மாமாவைத் திட்டிக்கொண்டே காலிப் பானையைத் துழாவினாள். அப்பாவோ, சிதம்பரம் ஆனித் தேருக்கென்று மடித்து வைத்திருந்த ஒரே சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று எதிரே வந்தவர்கள் கேட்டார்கள்.

"சும்மாத்தாங்க" என்றார்.

வேலை போன மனுஷர் திருவிழாச் சட்டையை எதற்கு எடுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. தேருக்குத்தான் இன்னும் மாசக்கணக்கில் நாள் கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே நடந்தேன்.