மடியில் வைக்க ஒரு பையன்

பெரிய மாமா பிரான்சிலிருந்து வருகிறார் என்றால் உப்பளம் பேட்டையில் எங்களுக்குக் கால் தரையில் பாவாது. அம்மாவின் அண்ணன் அவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே ‘சொல்தா’தான், சிப்பாய் என்பதற்குப் பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரில் விட்டுப்போன வார்த்தை. மாமாவைப் பார்க்கத்தான் இத்தனை ஆவல் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பெட்டியைத் திறந்த பிறகு மாமா எங்கே போனார் என்று யாரும் கேட்டதில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அவர் சித்தியின் வளைகாப்புக்காக வந்தார். சித்தி அம்மாவுக்குத் தங்கை. தவளக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். சித்தப்பாவுக்கு மட்டும் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு உண்டான பிள்ளை. அதனால் சித்தியின் மாமியார் அதைப் ‘பேரன்’ என்றுதான் பேசுவார். பேரன் உதைக்கிறான், பேரனுக்கு மாங்காய் பிடிக்கிறது. வேறு விதமாகவும் இருக்கலாமே என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. அவருக்கு இருந்த ஒரே கவலை நாங்கள்தான். எங்கள் பக்கத்தில் ஆண் வாசனையே கிடையாது. பெரியம்மாவுக்கு மூன்று பெண், அம்மாவுக்கு நானும் தங்கச்சியும், மாமாவுக்கு அங்கே பிரான்சில் இரண்டு பெண். “உங்க வீட்டு ராசி இங்க வந்துடக் கூடாதும்மா” என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அம்மாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள்.

வளையல் தட்டு, கட்டுசாதத் தூக்குகள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாங்கள் ஐந்து பெண்கள், எல்லாவற்றையும் ஒரே வேனில் அடைத்துக்கொண்டு தவளக்குப்பத்தில் போய் இறங்கினோம். வளைகாப்பு முடிந்ததும் சித்தியைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. மாமா கையில் ஒரு பை இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று முதல் நாளிலிருந்து கெஞ்சியும் அவர் காட்டவில்லை. சித்தியின் அறையில் எங்களை வட்டமாக உட்காரவைத்த பிறகுதான் திறந்தார். உள்ளே மாதுளம்பழம் பருமனில் ஆறு உருண்டைகள்.

இப்போது கடற்கரை நடைபாதையில் கூட அதன் போலி கிடைக்கிறது. அன்றைக்கு அது வேறு உலகத்துச் சரக்கு. உள்ளே ஒரு பொம்மை உண்டு. எந்தப் பொம்மை என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. மேல் தாளை உரித்தால் விரல்நுனி அளவில் ஒரு ஜோடி செருப்பு. அடுத்த தாளுக்குள் பால் பாட்டில். அதற்கும் உள்ளே சட்டை. எல்லாம் உரித்து முடித்தால் உருண்டை இரண்டாகப் பிளந்து பொம்மை வெளியே வரும்.

பெரியம்மாவின் மூத்த பெண், எங்கள் எல்லாருக்கும் அக்கா, இதில் பண்டிதை. முன்பின் தெரியாதவர்கள் உருண்டை உரிப்பதைப் போனில் மணிக்கணக்காகப் பார்த்தவள். “எல்லாமே பொண்ணுதான் வரும். பையனும் இருக்கானாம், ஆனா கிடைக்க மாட்டான். கம்பெனிக்காரனே கொஞ்சமாத்தான் செய்வான்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “வாங்கறது எல்லாம் பொண்ணுங்கதானே, பையன யாரு கேக்கறா?” என்றாள். பையனை யாரும் கேட்காத ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. தவளக்குப்பத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

உரித்தோம். அக்காவுக்குப் பெண். அவள் தங்கைகள் இருவருக்கும் பெண். என் தங்கச்சிக்கு வந்தது ஊதா முடி வைத்த பெண். ஆறாவது உருண்டை பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று மாமா அதைச் சித்தியிடமே கொடுத்தார். சித்தி தலையணையில் சாய்ந்துகொண்டு எங்களைவிட ஆசையாக உரித்தாள். உள்ளே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். “வுவாலா!” என்று மாமா கை தட்டினார்; இதோ பார் என்பதற்கு அவர் பாஷை. சித்தி அதை உள்ளங்கையில் நிறுத்தினாள், மூக்கைத் தொட்டாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், கீழே வைக்கவே இல்லை. வாசற்படியில் நின்றிருந்த மாமியார் “இதுலயுமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

கடைசியாக உரித்தவள் நான். எதையும் சீக்கிரம் தீர்த்துவிட மனசு வராத பிள்ளை. முறுக்கைக்கூடச் சுற்றுச் சுற்றாகத்தான் தின்பேன். என் உருண்டை பிளந்தபோது குட்டை முடியும், கழுத்தில் குட்டியாக ஒரு டையுமாக ஏதோ வந்தது. அக்கா பிடுங்கிப் பார்த்தாள். “ஏய், பையன்டி!” என்றாள்.

யம்மாடி, அந்த நிமிஷம்! மற்ற பொம்மைகளுக்கும் அவனுக்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதே முட்டைக் கண், அதே நீள இமை, உதட்டில் அதே சாயம். மூஞ்சியை மட்டும் பார்த்தால் எது அவன், எது அவள் என்று செய்தவனுக்கே தெரியாது. ஆனாலும் பையன். கிடைக்கவே மாட்டான் என்றவன் என் கையில் கிடைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன். கற்பூரத் தட்டைத் தொடுவதுபோல ஒரே விரலால் தொட்டார்கள்.

இதற்குள் சித்தி பொம்மையைக் கட்டிலில் விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள், நாங்களும் பின்னாலேயே. அங்கே வேறு ரகளை. அவர்கள் வழக்கப்படி, வளையல் அடுக்குவதற்கு முன்னால் பிள்ளைத்தாய்ச்சியின் மடியில் ஓர் ஆண் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். வயிற்றில் இருப்பதும் ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைச் சொல்லி வைத்திருந்தார்கள். அன்று காலையில் பார்த்து அவனுக்கு அம்மை போட்டு, வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். பதிலுக்கு இன்னொருவனைத் தூக்கி வந்தார்கள். அவன் சித்தியின் பூ அலங்காரத்தைப் பார்த்த மாத்திரத்தில் வீலென்று அலறி, சந்தனக் கிண்ணத்தை உதைத்துவிட்டு ஓடினான். அழுகிற பிள்ளையை மடியில் வைக்கக் கூடாதாம். மற்ற பையன்கள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது. “இத்தன பொட்டப் புள்ளைங்க நிக்குது, ஒரு ஆம்பளப் புள்ள இல்லையே!” என்று மாமியார் எங்களைப் பார்த்தார், ஏதோ நாங்கள்தான் ஒளித்துவைத்திருப்பதுபோல.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்ககிட்ட ஒரு பையன் இருக்கான்!” என்று கத்தினாள்.

சும்மா ஒரு வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் கூடம் அடங்கிப்போனது. மாமியார் என் விரல்களைப் பிரித்து அவனை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உதட்டுல சாயம் பூசியிருக்கே, இது ஆம்பளயா?” என்றார். “சத்தியமா ஆம்பள, ஆயா. உலகத்துலயே கிடைக்க மாட்டான்” என்றாள் அக்கா. மாமாவும் சும்மா இருக்கவில்லை. பிரான்சிலேயே இவனுக்காகக் கடை கடையாக அலைகிறார்கள் என்று எடுத்துவிட்டார். அவ்வளவுதான். கடல் தாண்டி, சரியாக இன்றைக்குப் பார்த்து, இந்த வீடு தேடி ஓர் ஆண் வந்திருக்கிறான் என்றால் சும்மாவா? மாமியார் அவனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கத்தியைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். விரல் உயரப் பிளாஸ்டிக்குக்கு ஒரு கூடமே எழுந்து நிற்கிறது. பையன் என்றால் இவ்வளவா என்று எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது.

புல்லரிப்பு ஒரு நிமிஷம்தான். மடியில் வைத்த பிறகு பொம்மை இங்கேயே பூஜை அலமாரியில் இருக்கட்டும், பேரன் பிறந்ததும் அவன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். அம்மாவைப் பார்த்தேன், கண்ணாலேயே அதட்டினாள். வேறு வாங்கித் தருவதாக மாமா காதில் சொன்னார். கிடைக்காததை எங்கே போய் வாங்குவார்? சத்தம் வராமல் அழுதேன்.

சித்தி பார்த்துவிட்டாள். “பொம்மைய வெறுமனே எப்படி மடியில வைக்கிறது? பட்டு சுத்தி எடுத்துட்டு வந்துடறேன்” என்று அவனை வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரவிக்கை தைத்து மிஞ்சிய மஞ்சள் பட்டுத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். கட்டிலில் அவளுடைய இரட்டைச் சடைக்காரி படுத்திருந்தாள். சித்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் என் பையனை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, சடைக்காரியை எடுத்து மூஞ்சி மட்டும் தெரியும்படி பட்டில் சுற்றினாள்.

“சித்தி, அது பொண்ணு” என்றேன்.

“தெரியுதுடி. அவன் உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு இவ போதும். வெளிய மூச்சு விட்ட, தோல உரிச்சிடுவேன்.”

மூச்சு விடவில்லை. பாவாடை மடிப்புக்குள் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தின் மூலையில் நின்றேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்த சித்தியின் மடியில் அந்தப் பட்டு முடிச்சை மாமியாரே வைத்தார். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள். “என் ராஜா, என் சிங்கக்குட்டி” என்று திருஷ்டி சொடுக்கினார்கள். ராஜாவின் இரட்டைச் சடை பட்டுக்குள் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பெரியவர்கள் கும்பிடுகிற சாமி வேறு சாமி என்று தெரிந்தவர்கள் அந்த வீட்டிலேயே இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி நான் என்று நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருந்தது. சித்தி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வளையல் அடுக்கிய கையால் மடியில் இருந்ததைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அன்று மாலையே சித்தி எங்களோடு உப்பளத்துக்கு வந்துவிட்டாள். பட்டு முடிச்சு அவிழாமலே பூஜை அலமாரிக்குப் போனது, பையன் என் பென்சில் டப்பாவில் குடியேறினான். கார்த்திகை மாதம், தெருவெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு நாளில் சித்திக்கு வலி கண்டது. பெண் குழந்தை பிறந்தது.

மாமியார் வந்து பார்த்தார். துணியை விலக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். பிறகு, “பிரான்சு பொம்மைக்கு நம்ம பாஷை புரியல போல” என்றார். எல்லாரும் அப்பாடா என்று சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. பொம்மைக்குப் பாஷை நன்றாகத்தான் புரிந்திருக்கிறது. பெண்ணை மடியில் வைத்தோம், பெண் வந்துவிட்டது. பையனை வைத்திருந்தால் பையன் வந்திருப்பான். நான் கண்ணைக் கசக்கியதைப் பார்த்துத்தானே சித்தி அவனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவனைக் கர்ச்சீப்பில் முடிந்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா பிளாஸ்க்கோடு காபி வாங்கப் போகிறவரை காத்திருந்தேன். போனதும் முடிச்சை அவிழ்த்துக் கட்டிலில் வைத்தேன்.

“சித்தி, இப்ப மடியில வச்சா மாறிடுமா?”

சித்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள் பாருங்கள், தையல் வலிக்க வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். “ஐயோ, மாத்திடாதடி!” என்று குழந்தையை இழுத்து நெஞ்சோடு மறைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு “எம் பொண்ணு, எம் பொண்ணு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மனசைத் தேற்றிக்கொள்கிறாள், பாவம் என்று நினைத்தேன். உலகத்திலேயே கிடைக்காத ஒன்றை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு எப்படிச் சிரிக்க முடிகிறது இவளால் என்று வாயைப் பிளந்து நின்றேன். நானாக இருந்தால் கொடுத்திருக்கவே மாட்டேன்.