இரண்டு படிவங்களில் ஒரு பெயர்

யுத்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு பெண் தனியாகப் போனால் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "நீ ஆர்ர ஆள்?" சந்தையில் கேட்டாலும், வீதியில் ஆமி மறிக்கிற சென்றியில் கேட்டாலும் கேள்வி அதுதான். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "நான் என்ட ஆள்தான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். வாய்க்கொழுப்பு என்றார்கள். இருக்கட்டுமே.

என்னிடம் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. அதைப் பெட்டியோடு சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வாவிக்கரை ஊர்களில் சட்டை, பாவாடை தைத்துக் கொடுத்துப் பிழைத்தேன். எங்கள் பக்கம் வீட்டைப் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதுவார்கள், ஆண் அங்கே போய் இருப்பான். எனக்கென்று இருந்த வீடு எரிந்துபோயிற்று. மட்டக்களப்பில் அண்ணன் இருந்தார், ஆனால் அது அவர் மனைவியின் வீடு. ஆறு மாதம் அங்கே இருந்து பார்த்தேன். எனக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைக்கிற சத்தம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த வாரமே அண்ணன் வீட்டுப் படிவத்தில் என் பெயரை வெட்டிவிட்டார்.

படிவம் என்றால் இப்போதுள்ளவர்களுக்கு விளங்காது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள், என்ன உறவு என்று எழுதி, ஆமி முகாமில் சீல் குத்தி வைத்திருக்க வேண்டும். சுற்றிவளைப்பு நடக்கும்போது படிவத்தில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் அந்த ஆளுக்கும் ஆபத்து, சோறு போட்டவருக்கும் ஆபத்து. "ஊர் சுத்துறவள்ர பேர் இஞ்ச கிடந்தா எங்களுக்குத்தான் வில்லங்கம்" என்றாராம் அண்ணன். பேனாவால் ஒரே கோடு.

பகலில் எல்லாரும் எனக்கு நல்லவர்கள்தான். துணி தருவார்கள், தேத்தண்ணி தருவார்கள். நாலு மணியானால் நான் எப்போது எழும்புவேன் என்று வாசலைப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடக் கட்டடங்களில் படுத்தேன், கோயில் மடத்தில் படுத்தேன். ஆனால் திரும்பிப் போவதில்லை என்று ஒரு பிடிவாதம். ஒரு பாயும் ஒரு சிநேகிதியும் எனக்கு எங்காவது கிடைக்காமலா போகும்?

முதல் சிநேகிதி சண்டையில் கிடைத்தாள். களுவாஞ்சிக்குடியில் தேங்காய் வியாபாரம் செய்தவள், என்னைவிட நாலு வயது மூத்தவள். நான் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வீதிக்கே வந்துவிட்டாள்.

"கை இறுக்குதுகா. துணியத் திண்டுட்டியா?"

"அளவெடுக்கக்குள்ள மூச்சப் பிடிச்சது நீ. உன்ட கைய நானா பருக்க வெச்சன்?"

தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். "இப்பிடி ஒரு வாய வெச்சிக்கிட்டு எப்பிடிப் புள்ள தனியத் திரியிறாய்? இரி, சோறு திண்டுட்டுப் போ."

அன்று பின்னேரமே படிவத்தை எடுத்து என் பெயரைக் கேட்டாள். உறவு எழுத வேண்டிய இடத்தில் சிநேகிதி என்று எழுதச் சொன்னேன். "சிநேகிதிக்கு ஆர் சீல் குத்துவான்? போடி விசரி" என்று சொல்லித் தங்கச்சி என்று எழுதினாள்.

இரண்டாமவள் அவளுக்கு நேர் எதிர். மட்டக்களப்புக்குக் கிட்ட, வாவி ஓரத்தில், புருஷன் பிடிக்கிற மீனை விற்று வாழ்ந்தவள். மாரி மழை என்னை அவள் வீட்டில் மூன்று நாள் மறித்துவிட்டது. மூன்று நாளிலும் அவள் பேசியதை விரல் விட்டு எண்ணலாம். மீன் வாங்குகிறவர்கள் ஏமாற்றினாலும் சிரித்துக்கொண்டு நிற்பாள். எனக்கே கோபம் வரும். மழை விட்ட அன்று நான் பெட்டியைக் கட்டும்போது படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கேளாமலே என் பெயரை எழுதி, மச்சாள் என்று போட்டு, மீன் விற்கப் போன வழியில் முகாமில் சீலும் குத்தி வைத்திருந்தாள்.

நான் ஏற்கெனவே இன்னொரு படிவத்தில் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்டுப்பட்ட பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று பேராசை, வேறென்ன.

இரண்டு படிவங்களின் பிரதியும் ஒரே முகாமுக்குப் போய்ச் சேரும் என்று யார் கண்டது? ஒரு நாள் காலை சென்றியில் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மெஷினோடு என்னை முகாமுக்குள்ளே கூட்டிப்போய் ஒரு மர வாங்கில் இருத்திவிட்டார்கள். ஒரு ஆள், இரண்டு வீடு, ஏன்? இரண்டு வீட்டுக்கும் படிவத்தோடு வரச் சொல்லி ஆள் போனது. அட்டையில் அண்ணன் வீட்டு முகவரி இருந்ததால் அங்கேயும் போனது. பொய்ப் படிவம் என்று தெரிந்தால் என்னோடு அவர்களையும் உள்ளே போட்டுவிடுவார்கள். என்னால் இந்த இரண்டு பேரும் அழிந்தார்கள் என்றே நினைத்தேன்.

மத்தியானம் களுவாஞ்சிக்குடிக்காரி வந்தாள். கொஞ்ச நேரத்தில் மற்றவளும் வந்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி அதற்கு முன் கண்டதேயில்லை. அதிகாரி சிங்களத்தில் கேட்க, தமிழ் தெரிந்த சிப்பாய் சொன்னான்.

"இவ உங்களுக்கு யாரு?"

"என்ட தங்கச்சி" என்றாள் மூத்தவள்.

"மச்சாள்" என்றாள் மற்றவள்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் யாரு?"

மூத்தவள் திரும்பி மற்றவளை ஒருமுறை பார்த்தாள்.

"என்ட தங்கச்சிக்கு மச்சாளெண்டா எனக்கும் மச்சாள்தானே. இதெல்லாம் கேட்கிற கேள்வியா?" என்றவள், "ஏன் மச்சாள் இவ்வளவு சுணக்கம்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் இல்ல மச்சாள்" என்றாள் மற்றவள், மெதுவாக.

அதிகாரி விரலில் கணக்குப் பார்த்தார். நங்கி, நெனா, நெனா: சிங்களத்தில் தங்கச்சி, மச்சாள், மச்சாள். அவர்களுடைய உறவுக் கணக்கும் எங்களுடையதுதான். தலையாட்டினார். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு படிவம்தான், நாளைக்குள் யாராவது ஒருத்தி பெயரை வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி எங்களை விட்டுவிட்டார்.

வெளியே வந்தும் நான் வீதியின் மட்டக்களப்புப் பக்கத்தைப் பார்த்தேன். அண்ணன் வீடு பஸ்ஸில் பத்து நிமிடம். காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. அவர் வரவில்லை.

"ரெண்டு வீட்டில சோறு திண்ட பூனை" என்று மூத்தவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு மற்றவள் பக்கம் திரும்பினாள். "சரி மச்சாள், நீ வெட்டு."

"நான் வெட்டமாட்டன்."

"என்னட்டத்தான் முதல் எழுதினது."

"மாரி முழுக்க இனி என்னட்டத்தான் இரிப்பா. நீங்க வெட்டுங்க."

"நானா? உனக்கு என்ன விசரா?"

"வெட்டமாட்டன் எண்டா வெட்டமாட்டன்!"

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சென்றியில் நின்ற சிப்பாய்கூடத் திரும்பிப் பார்த்தான். என் பெயருக்காக இரண்டு பெண்கள் நடுவீதியில் சண்டை பிடித்தார்கள். நான் மெஷின் பெட்டியில் குந்திக்கொண்டு அழுதேன். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.