பந்தைப் பார்க்காத டாக்டர்

கோலார் தங்கவயலில், 'ஸ்கெலட்டன்' என்று நாங்கள் சொல்லும் சுரங்க இரும்புக் கோபுரத்துக்குப் பக்கத்து மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஃபைனலில்தான் அவரைப் பார்த்தேன். எதிரணியோடு வேலூரிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா. கத்தரித்த நரைமுடி, புடவைக்குக் கீழே விளையாட்டு ஷூ. ஊரே பந்தைப் பார்த்துக் கத்த, அவர் மட்டும் ஆடுகிறவர்களின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தைத் தலையால் முட்ட எகிறிய நான், இன்னொருவன் தலையில் மோதி விழுந்தேன். எழுந்து, "ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவர் விடவில்லை. எண்கள் அச்சிட்ட அட்டையை நீட்டி, வேகமாக வாசிக்கச் சொன்னார். தமிழில் தொடங்கி, கன்னடத்துக்குத் தாவி, தெலுங்கில் முடித்தேன். அவர் முகம் மாறியது.

எங்கள் கோல்கீப்பர் ஓடிவந்தான். "இன்னா டாக்டரம்மா, அடிபட்டதாலன்னு நெனச்சிட்டீங்களா? கேஜிஎஃப்ல நாங்க எல்லாருமே இப்படித்தான் பேசுவோம்!"

அவர் சிரித்துவிட்டார். "பாஷை மாறினா பரவால்ல தம்பி. ஆனா நடுவுல ஒரு வரியையே விட்டுட்டீங்க. கண்ணு தடுமாறுது. வெளிய உக்காருங்க."

"ஃபைனலுங்க..."

"இன்னொரு அடி பட்டா, அடுத்த ஃபைனலுக்கு யாரு ஆடறது?"

நான் இல்லாமலேயே ஜெயித்தோம். கிளம்பும்போது அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்: "யாரு தம்பி ஜெயிச்சது?"

"நாங்கதாங்க."

"அப்படியா!" என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வேனில் ஏறினார்.

அன்றே கோலார் ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஓய்வெடுத்து, இப்போது மறுபடி ஆடுகிறேன். ஆனால் கடைசியாக அப்படிக் கேட்டு அவர் சோதித்தது என் தலையைத்தானா, இல்லை தன் அணி தோற்றதே அவருக்குத் தெரியாதா என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.