உதட்டைப் பார்த்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த அரசு காதுக்கருவி முகாமுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருந்தார். கொண்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்தார்.

"மில்லு எரைச்சல்ல எது கேக்கும் தம்பி? உதட்டைப் பாத்துத்தான் பேசிக்கிடுவோம். அந்தச் சத்தத்துலயே காதும் போச்சு" என்றார்.

முதல் மேசையில் இருந்த ஊழியர் அக்காவை எதிரே உட்காரவைத்துப் பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். அக்கா தடங்கலில்லாமல் பதில் சொன்னார்.

"நல்லாத்தானம்மா கேக்குது, பொறவு எதுக்கு வந்தீக?" என்று, பரிசோதனை அறைக்கு அனுப்பாமலே ஊழியர் திருப்பிவிட்டார்.

அக்கா என்னிடம் வந்தார். முகத்தில் பரீட்சையில் தேறிய பெருமை.

"கேட்ட அம்புட்டுக்கும் சரியாச் சொல்லிட்டேன் தம்பி. ஆனாலும் மிஷின் கெடையாதுன்னுட்டாக. வாரேன்."

எனக்கு விஷயம் உறைப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டி பஸ் பக்கம் போய்விட்டார்.

"அக்கா, நில்லுங்க! வாயைப் பாக்காம பதில் சொல்லுங்க, அவருக்குப் புரியும்!" என்று பின்னாலேயே ஓடிக் கத்தினேன்.

மேசை ஊழியர் திடுக்கிட்டு எழுந்தார். டிரைவர்கூட எட்டிப் பார்த்தார். அந்த அக்கா மட்டும் திரும்பாமல் பஸ் ஏறிப் போனார்.