எங்கள் மில்லில் விழுந்தது

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஓர் ஐப்பசி மாதம். வவுனியா நகரின் வடக்கு ஓரத்தில் நான் ஒரு சிறிய அரைக்கும் மில் வைத்திருந்தேன். கணவர் இறந்த பிறகு எனக்கும் என் பெண் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்த மில்தான். மிளகாய்த்தூளோ அரிசிமாவோ, அக்கம்பக்கத்தார் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

ஒரு பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஓமந்தைப் பக்கம் ஷெல் சத்தமும் தொடங்கியது. வழக்கம்போல நாங்களும் பக்கத்து வீட்டாரும் பங்கருக்குள் இறங்கிக் காதைப் பொத்திக்கொண்டோம். தலைக்கு நேர்மேலே ஒன்று வெடித்தது. ஐயோ, அந்தச் சத்தம்! வெளியே வந்து பார்த்தால் மில்லின் ஒரு சுவர் பிளந்திருந்தது, ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன, மோட்டர் கருகி மணத்தது. எல்லோரும் ஷெல் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வங்கிக் கடன் எடுத்தபோது மில்லைக் காப்புறுதி செய்திருந்தேன். ஆனால் யுத்தத்தால் வந்த சேதத்துக்கு அதில் ஒரு சதமும் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா காதோடு சொன்னா:

"பிள்ளை, இடி விழுந்தது எண்டு சொல்லிப்போடு. ஆர் கண்டது?"

பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேதத்தை மதிப்பிடக் காப்புறுதிக் கம்பனியிலிருந்து வந்த நரைத்த தலை மனிதரிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன், "ஷெல்தான் ஐயா" என்று. அதை எழுதிக்கொண்டு அவர் திரும்பியிருக்கலாம். சோதனைச் சாவடி மூடுவதற்குள் போகவேண்டிய அவசரமும் இருந்தது. ஆனாலும் அவர் சேற்றுச் சப்பாத்தோடு மில்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஷெல்லின்ர இரும்புத் துண்டு ஏதும் பொறுக்கினனீங்களோ?"

இல்லை என்றேன். மறுபடியும் குனிந்து சுவரைத் தடவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ளதைத்தானே சொன்னனான்! பிறகென்ன கிளறுறீங்கள்? எங்களுக்கு மேல ஷெல்லைத் தவிர வேறென்ன விழும்?"

அவர் கோபிக்கவில்லை. சுவர் பிளந்த இடத்தில் வயர் உருகியிருந்ததைக் காட்டினார். பிறகு கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தைக் காட்டினார். உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடாகப் பட்டை உரிந்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் கீழே நின்றுதான் நாள்தோறும் தண்ணீர் அள்ளினேன். ஒருநாளாவது அண்ணாந்து பார்த்தேனா? சத்தம் கேட்டால் குனிந்தே பழகிய கழுத்து.

"இது இடி, தங்கச்சி. ஷெல் எண்டால் மரத்தைச் சிதறடிச்சிருக்கும், சுவரெல்லாம் ஓட்டை விழுந்திருக்கும். இடிக்குக் காப்புறுதி இருக்கு. நான் கண்டதை எழுதுறன்."

அந்த மரத்தடியிலேயே இருந்து விம்மி விம்மி அழுதேன். அவர் பதறிப்போய், "காசு வரும், அழாதேங்கோ" என்றார்.

சொன்னபடியே வந்தது, மில்லும் திரும்ப ஓடியது. "நான் அப்பவே சொன்னனான்தானே" என்று பக்கத்து வீட்டு அக்கா கனகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தா. அந்த மனிதரைப் பிறகு நான் காணவில்லை. கண்டிருந்தால் சொல்லியிருப்பேன், அன்று நான் அழுதது காசுக்காக இல்லை என்று. எங்கள் தலைக்கு மேல் வந்து விழுந்த அந்த ஒன்றையாவது எந்த மனிதனும் எங்கள்மேல் எறியவில்லையே என்ற ஆறுதலில்தான் அழுதேன்.