பத்து நிமிஷம் உட்காருங்கள்

காலமெல்லாம் விளக்கு மாட்டிச் சம்பாதித்தவனுக்கு வயதான பிறகு கிடைத்த வேலை, ஆட்களை இருட்டில் உட்கார வைப்பது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் துறைமுகம் பக்கம் ஒரு பழைய கிடங்கு. சன்னல்களைப் பலகையால் அடைத்துக் கறுப்புச் சாயம் அடித்தாயிற்று. எதிர்ச் சுவரின் அடியில் ஒரு கோடு வெளிச்சம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. அவ்வளவுதான். இதற்குப் பெயர் கலை. ஒயர் வேலையை முடித்துக் கொடுத்தேன், வாசலிலும் என்னையே நிறுத்திவிட்டார்கள். வருகிறவர்களிடம் டிக்கெட் கேட்டு, போனை வாங்கி வைக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லிப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். பத்து நிமிஷம் என்று சொல்ல வேண்டும். கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். திரும்பும்போது கயிறு தேவையில்லை, கண்ணே வழி காட்டும்.

எனக்குப் பொறுமை கிடையாது. அடுத்தவனைப் பொறுத்திரு என்று சொல்வது என் பிழைப்பு. கவுண்டரிலும் வாசலிலும் நாள் முழுக்க நிற்கிறவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

கரண்ட்

இரண்டு நிமிஷத்தில் எழுந்து வருகிறவர்கள்தான் அதிகம். ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் அதற்கும் முன்னாலேயே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பத்து நிமிஷம் என்றேனே என்றேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "காடி நிறுத்த எடம் தேடி அரை மணி நேரம் சுத்தினேன். கரண்ட் இல்லன்னு வாசல்லயே ஒரு போர்டு போட்டிருக்கலாம்லா!"

கைப்பைக்குள் ஒன்று

சுங்கை பினாங்கிலிருந்து அக்கா தங்கைகள் மூன்று பேர். எல்லாரும் என் வயது. மூத்த அம்மா ஒரு போனை என்னிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் கைப்பைக்குள் வைத்திருந்தார். எட்டாவது நிமிஷத்தில் அது வெளிச்சத்தோடு பாடியது. கண்ணில் ஒரு கணம் பட்டால் போதும், பழகியதெல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும். பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை, சத்தமே போட்டேன். அந்த அம்மா அசரவில்லை. "என்னா அண்ணே ஏசுறீங்க? ஒரு போனுக்கே ஓடிப் போகுது உங்க இருட்டு. ரொம்பப் பயந்தாங்கொள்ளிலா."

நானும் உட்கார்ந்தேன்

இந்த இருட்டுக் கலையைச் செய்தவள் மெய் லிங். பினாங்குச் சீனப் பெண், முப்பது வயது இருக்கும். திறந்து மூன்று வாரம் கழித்துப் பார்க்க வந்தாள். வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடலாம், ஒரு நிமிஷ வேலை, ஆட்களும் சீக்கிரம் பார்த்துவிட்டுப் போவார்கள் என்றேன். விளக்கு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "நீங்க எவ்வளவு நேரம் உக்காந்து பாத்தீங்க அங்கிள்?" என்று மலாயில் கேட்டாள். மூன்று வாரத்தில் நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. பெஞ்சைக் காட்டினாள்.

முதலில் வெறும் கறுப்பு. பிறகு நடுவில் நிற்கும் தூண் வந்தது. பிறகு கூரையின் உத்திரங்கள், ஒவ்வொன்றாக. சரி போதும் என்று நான் எழப்போன நேரத்தில் எதிர்ச் சுவர் போய்விட்டது. இடித்து எடுத்த மாதிரி இல்லை, அங்கே சுவரே கட்டாத மாதிரி. அதற்கு அப்பால் இன்னொரு கிடங்கு, இதே அகலம், இதே உயரம், காலியாக. அந்தக் கட்டடத்தை முழம் முழமாக அளந்து ஒயர் இழுத்தவன் நான். சுவருக்குப் பின்னால் சாக்கடைதான் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுந்து போய்க் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். சுவர் இருந்தது. பின்னாலிருந்து அவள் குரல். "சுவத்தத் தொடக்கூடாதுன்னு வாசல்ல எழுதியிருக்கே அங்கிள்."

தூண்

குணா ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி சாந்தியோடு வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில். விடிவதற்கு முன் ஐந்து மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவர். நாற்பது பேர் ஏறும் பஸ் என்று சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

பத்து நிமிஷம் ஆனதும் சாந்தி, "ஐயோ, சுவத்தக் காணோமே!" என்று கத்தினார். குணாவும், "ஆமா ஆமா, தெரியுது, நல்லாருக்கு" என்றார். எழுந்தார். நேராகப் போய்த் தூணில் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்த நேரத்துக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிகிற தூண். பார்த்து நடக்கக் கூடாதா என்று எரிந்து விழுந்தேன். சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வீட்டுலயும் இப்படித்தாண்ணே. கதவ இடிச்சுக்குவாரு, அப்புறம் கதவத்தான் ஏசுவாரு."

மத்தியானம்

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் குணா தனியாக வந்தார். அரை மணி நேரம் ஆகியும் எழவில்லை. யாரும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. என்னதான் பார்க்கிறார் என்று உள்ளே போய், கண் பழகும்வரை ஓரமாக நின்றேன். ரப்பர் செருப்பு, சத்தம் வராது. அவருக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் போய் நின்றேன். வேறு யாராக இருந்தாலும் மறைக்காதே என்று கத்தியிருப்பார்கள். அவர் அப்படியே இருந்தார். முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். ஒன்றும் இல்லை. நான் எரிந்து விழுந்தது அப்போதுதான் எனக்குச் சுட்டது.

"எத்தன நாளா தம்பி?" என்றேன். பக்கத்தில் குரல் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாசமாம். பாலத்தில் விளக்கு இருக்கிறதாம், போதுமாம். பஸ்ஸை விட்டால் வேறு வேலை தெரியாதாம். இதைத் தானே தனியாகச் சோதித்துப் பார்க்கத்தான் திரும்ப வந்தாராம். யாரிடமும் சொல்லாதீங்க என்றார். போய்க் கண்ணைக் காட்டு, அதுவரைக்கும் இருட்டில் பஸ் எடுக்காதே என்றேன். கோபமாக எழுந்துவிட்டார். "பஸ்ஸுக்கு ஹெட்லைட் இருக்குண்ணே. உங்க ரூமுக்குத்தான் இல்ல."

நோட்டு

வருகிறவர்கள் பேரும் போன் நம்பரும் எழுத வாசலில் ஒரு நோட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் சாந்தியின் நம்பர் இருந்தது. அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நோட்டை மூடினேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அந்த ஆள் பஸ் எடுப்பார். திறந்தேன்.

சுற்றி வளைக்கத் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கு இருட்டில் கண் தெரியவில்லை, நாளைக்கு அனுப்பாதீர்கள் என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். குரல் இறங்கிவிட்டது. "அண்ணே, என் தங்கச்சியும் அந்த பஸ்ஸுலதான் வேலைக்குப் போறா."

இரண்டு மாதம் கழித்து

"போன் போட்டது நீங்கதானே?" என்றார் குணா. ஆமாம் என்றேன். முறைத்தார். நானும் முறைத்தேன், வேறென்ன செய்வது? கடைசியில் அவரே சொன்னார். இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, கண்ணுக்கு ஏறிவிட்டது. வைத்தியம் நடக்கிறது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. பஸ் சாவியை அவரே கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்துவிட்டார். இப்போது பஸ் நிறுத்தும் இடத்தில் பகல் வேலை, டயர் பார்ப்பது. "கொழுந்தியாதான் தினம் ஏசுறா. புது டிரைவர் பாட்டே போட மாட்டேங்குறானாம்."

போவார் என்று பார்த்தால், உள்ளே உட்காரணும் என்றார். எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கூட்டிப்போய் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். வாசலில் இரண்டு பேர் மணி அடித்தார்கள். அடிக்கட்டும். பத்து நிமிஷத்தில் என் கண்ணுக்குச் சுவர் போய்விட்டது. என்ன தெரிகிறது தம்பி என்றேன். "ஒண்ணும் தெரியலண்ணே. மொத தடவ சாந்தியோட வந்தப்ப தெரியுதுன்னு சொன்னேன்ல, அன்னிக்கும் தெரியல."

அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். பத்து நிமிஷமும் முழுசாக உட்கார்ந்து, தெரியவில்லை என்ற உண்மையைச் சொன்ன ஒரே ஆளிடம் டிக்கெட் கேட்க நான் மறந்துவிட்டேன்.